கஞ்சிக் கிண்ணமும் குரண்டியும் போதும்: வளர்ச்சி பிந்தும் பிள்ளைக்கு வீட்டுப் பயிற்சி

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார், தக்கலை, மேல்புறம் ஒன்றியங்களில் வீடு வீடாகப் போகும் சிறப்பாசிரியை நான். வளர்ச்சி பிந்தும் சின்னப் பிள்ளைகள்தான் என் வேலை. ஸ்கூட்டியை விட்டு இறங்கியதும் வீட்டார் முதலில் பார்ப்பது என் பையை. உள்ளே என்னவோ சாமான் இருக்கிறது, அதை வைத்துப் பிள்ளையைப் பேசவும் நடக்கவும் வைத்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு. பையில் இருப்பது ஒரு நோட்டு, ஒரு கிலுக்கு, ஒரு பழைய துண்டு, குடிக்கத் தண்ணீர். ஒரு வாரத்தில் நான் அந்த வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கையில்தான். அதனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வேலையில் பெரும்பகுதி. வீடுகளில் சொல்வதை இங்கே எழுதுகிறேன். ஒரு வயதிலிருந்து நாலு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன்னால்

"இவனுக்க அப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான்" என்று சொல்லாத பாட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் காத்திருந்து பார்ப்பதில் ஒரு லாபமும் இல்லை. பயிற்சி தொடங்கியபிறகு பிள்ளை தானே எட்டிப்பிடித்துவிட்டால் யாருக்கும் நட்டம் இல்லை. எட்டிப்பிடிக்காவிட்டால், போன மாதங்கள் திரும்பி வராது.

கணக்கு இதுதான். 4 மாதத்துக்குள் கழுத்து நிற்க வேண்டும். 9 மாதத்துக்குள் பிடிக்காமல் உட்கார வேண்டும். ஒரு வயது ஆகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். 16 மாதத்தில் அர்த்தமுள்ள ஒரு சொல்லாவது வர வேண்டும். 18 மாதத்துக்குள் தனியாக நடக்க வேண்டும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர வேண்டும். இதில் ஒன்று பிந்தினாலும் காட்டிவிடுங்கள். வந்த சொல் மறைந்துபோனாலோ, செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை நிறுத்திவிட்டாலோ, எந்த வயதானாலும் தாமதிக்காதீர்கள். மாதம் நிறையும் முன்னே பிறந்த பிள்ளைக்கு முந்திப்போன வாரங்களைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்: 8 வாரம் முந்திப் பிறந்தவனுக்கு இரண்டு வயதுவரை வயதில் 8 வாரம் குறைவு.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை ஒட்டி இருக்கும் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான ஒரு அட்டவணை உண்டு. பிறந்தது முதல் 2 வயதுவரை, 17 செயல்கள் மட்டும். பிள்ளையின் மாத வயதுக்கு நேராக ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்கு இடது பக்கமே முடிந்துவிட்ட செயல் எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். பத்து நிமிடம்கூட ஆகாது. நான் கையோடு வைத்திருப்பது இதைத்தான். இது சலித்தெடுக்கும் கருவி மட்டுமே. நோய்க்குப் பெயர் வைக்கிற வேலை டாக்டருடையது.

பயிற்சிக்கு முன் சில சோதனைகள் கட்டாயம். முதலாவது காது. "கதவு அடிச்சா திரும்புகான் டீச்சர், காதெல்லாம் கேக்கும்" என்பார்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். ஓ.ஏ.இ., பெரா என்கிற காதுச் சோதனைகள் பிள்ளை தூங்கும்போதே செய்துவிடக் கூடியவை. பேச்சு வராத பிள்ளைக்குக் காது பார்க்காமல் பேச்சுப் பயிற்சி தொடங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அடுத்து கண், தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளை என்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன்.

இன்னொன்று, வலிப்பு. கைகால் வெட்டி நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை, தூங்கி எழும் நேரத்தில், கும்பிடுவதுபோல் சட்டென்று முன்னால் மடங்கி விரிவது, அதுவே வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவது, இதை வயிற்று வலி என்று விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தின்கிறது.

எங்கே போவது? அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு நேராகவே போய், ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று கேட்கலாம். மேற்கே களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தார் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார்கள். காது கேளாமைக்கு ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனம் நல்ல இடம். அங்கிருந்து வருகிறவர்கள் கையில் மலையாளத்தில் அடித்த பயிற்சித் தாள் இருக்கும். பேசத் தெரிகிற பாதிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது, தாள் அலமாரிக்குள் போய்விடும். அங்கே இருக்கும்போதே ஒவ்வொரு பயிற்சியையும் செய்துகாட்டச் சொல்லி வீடியோ எடுத்து வந்துவிடுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு காரியம்

"டீச்சரே, இவன் எப்போ நடப்பான்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. பதிலுக்கு, "இந்த வீட்டுல இப்போ எந்த நேரம் உங்களுக்குப் பெரிய பாடா இருக்கு?" என்று கேட்பேன். சாப்பாட்டு நேரமா, குளிப்பாட்டும் நேரமா, துணி மாட்டும் நேரமா? அங்கேதான் தொடங்க வேண்டும். வீட்டார் தினமும் எப்படியும் செய்கிற காரியமாக இருந்தால்தான் பயிற்சி நிலைக்கும். தனியாகப் பாய் விரித்து, மணி பார்த்துச் செய்கிற பயிற்சி முதல் வாரம் நடக்கும். கோயில் கொடை வந்தாலோ சர்ச்சில் திருவிழா வந்தாலோ நின்றுவிடும்.

காரியத்தை எழுதும்போது யார், எப்போது, எவ்வளவு உதவியோடு என்று எழுதுங்கள். "நல்லாச் சாப்பிடணும்" என்பது ஆசை. "காலைக் கஞ்சி நேரத்தில், பாட்டி முழங்கையைத் தாங்கிப் பிடித்தால், கரண்டியைத் தானே வாய்க்குள் வைக்க வேண்டும்" என்பது காரியம். பத்து முறையில் எட்டு முறை வந்துவிட்டால் அடுத்த படி. வாரம் முழுக்கப் பார்த்தும் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம், படி பெரிதாகிவிட்டது. அதை இரண்டாக உடையுங்கள்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்கிற ஊரில் 1969-ல் தொடங்கிய முறை. அந்த ஊர்ப் பெயரிலேயே உலகம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், வீட்டார் தினமும் செய்து குறித்து வைப்பார்கள். சென்னையில் மதுரம் நாராயணன் மையம் உபநயன் என்ற பெயரில் நடத்தும் பயிற்சியும் இதேபோல் பெற்றோரைக் கூட வைத்துக்கொண்டு செய்வதுதான்.

நேரத்தையும் வீட்டின் போக்கிலேயே வையுங்கள். ரப்பர் வெட்டுக்குப் போகிற வீட்டில் விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் இருப்பார்கள். பால் எடுத்து, சீட் அடித்துவிட்டு வந்தபிறகுதான் அவர்களுக்கு மூச்சு விட நேரம். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மா சாயங்காலம்தான் வருவாள். அந்த வீட்டில் நான் பயிற்சி சொல்வது பாட்டிக்கு. பாட்டி ஒத்துக்கொள்ளாத பயிற்சி அந்த வீட்டில் நடக்காது. நேரில் உட்கார்ந்து, "அம்மா, நீங்க பெத்து வளத்தவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று தொடங்கித்தான் பேச வேண்டும்.

கரண்டி

ஒரு காரியத்தை முழுக்கச் சொல்கிறேன். மற்றவற்றை இதே போக்கில் நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

தக்கலைப் பக்கம் ஒரு வீடு. இரண்டரை வயதுப் பையன், உடம்பு தளர்ச்சி, உட்காருவான், நடக்கமாட்டான். பாட்டி காலை நீட்டி அதில் அவனை மல்லாக்கக் கிடத்தி, கன்னத்தை அமுக்கிக் கஞ்சி ஊற்றுவார். அவன் இருமுவான். "சளி உடம்பு" என்று வீட்டில் பேர். முதலில் மாற்றியது இதைத்தான். மல்லாந்து கிடக்கும் பிள்ளைக்கு ஊற்றுகிற கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போகலாம். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் கரகரத்த குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி என்று ஒரு பிள்ளைக்கு இருந்தால், ஊட்டுவதை நிறுத்தி வைத்து டாக்டரிடம் விழுங்கும் திறனைப் பார்க்கச் சொல்லுங்கள். இவனைப் பார்த்த டாக்டர், நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாகக் கொடுக்கச் சொன்னார்.

உட்கார வைக்க அடுக்களை மூலைதான் நல்ல இடம். இரண்டு சுவரும் இரண்டு பக்கமும் தாங்கும். அடியில் குரண்டி, அதாவது உட்காருகிற தாழ்ந்த மரப்பலகை. கால் தொங்கக் கூடாது. பாதம் தரையில் பதிய வேண்டும், எட்டவில்லை என்றால் ஒரு பலகை. இடுப்பும் முட்டும் கணுக்காலும் மடங்கிச் சதுரமாக நின்றால் முதுகு தானே நிமிரும், கை வேலைக்கு விடுபடும். தலை அண்ணாந்திருக்கக் கூடாது, துளி முன்னால் குனிந்திருக்க வேண்டும். முன்னால் ஒரு மேசை. குளச்சல், முட்டம் பக்கம் போனால் மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நல்ல உயரம், நல்ல கனம்.

கிண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் ஈரத் துணியை மடித்துப் போட்டால் நிற்கும். கரண்டிக் காம்பு மெலிசாக இருந்தால் பிடி கிடைக்காது. பழைய துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டுங்கள். கரண்டி ஆழம் குறைந்ததாக இருக்கட்டும். உள்ளே என்ன போடுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். ரசம் ஊற்றிய சோறு கரண்டியிலிருந்து வழுக்கி விழுந்துவிடும், பிள்ளைக்கு வெறுப்பு வரும். உளுந்தங்கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள், அல்லது ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியைக் கருப்பட்டி சேர்த்துக் கிண்டுங்கள். கரண்டியைக் கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். புட்டு உதிரும், தொண்டையில் சிக்கும், பிறகு பார்க்கலாம்.

இனிப் பயிற்சி. பிள்ளைக்குப் பின்னால் உட்காருங்கள், எதிரே வேண்டாம். நம் கை போகும் திசையும் அவன் கை போகும் திசையும் அப்போதுதான் ஒன்றாக இருக்கும். அவன் கைமேல் உங்கள் கை. கோரி எடுத்து, தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோய், உதட்டுக்கு இரண்டு விரல்கடை இருக்கும்போது உங்கள் கையை விட்டுவிடுங்கள். கடைசி இரண்டு விரல்கடையை அவன் தானே முடிக்கட்டும். கஞ்சியின் ருசி உடனே கிடைக்கும், அதுதான் அவனுக்குச் சம்பளம். அது கைவந்தபின் நெஞ்சு உயரத்தில் விடுங்கள். பிறகு கிண்ணத்துக்கு மேலே. கோரி எடுப்பதுதான் கடினம், அதைக் கடைசியில் வையுங்கள். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுக்கிற இந்த வழி சட்டை போடவும், சோப்புக் கையைக் கழுவவும் பொருந்தும். நிக்கரை முட்டுவரை நீங்கள் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள்.

முதல் ஐந்தாறு வாய் மட்டும் இப்படி. பசி தீர்ந்ததும் பிள்ளை கிண்ணத்தைத் தட்டிவிடும். மீதியைப் பழையபடி ஊட்டிவிடுங்கள். பயிற்சிக்காக யாரும் பட்டினி போட வேண்டாம். அந்த வீட்டுத் தரையைப் பார்த்துப் பாட்டிக்கு ஆத்திரம். "சோத்த எல்லாம் கொட்டுகான், எனக்க கை இருக்க இவனுக்கு எதுக்கு கரண்டி?" என்றார். "உங்க கை எப்பமும் இருக்குமா பாட்டி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மறுவாரம் போகும்போது கரண்டிக் காம்பில் புதுத் துணி சுற்றியிருந்தது. பாட்டா (தாத்தா) ஓலைப்பாய் ஒன்றை அடியில் விரித்து, "இனி கொட்டட்டு" என்றார்.

உடம்பு

கால் விறைத்து, கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற பிள்ளையை ஒக்கத்தில் வைக்கும்போது, காலை அகற்றி உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் போட்டுத் தூக்குங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறீர்கள், அத்தனை தடவையும் அது பயிற்சி. கையில் குறுக்காகக் கிடத்தித் தூக்கினால் விறைப்பு அப்படியே இருக்கும். தளர்ந்த பிள்ளையை இரண்டு கையையும் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, தோள் நழுவும். பக்கவாட்டில் புரட்டி, முழங்கையில் ஊன்ற வைத்து எழுப்புங்கள், எழுந்திருக்கிற வழியை உடம்பு கற்றுக்கொள்ளும்.

கழுத்து நிற்காத பிள்ளைக்குக் குப்புறக் கிடப்பதுதான் முதல் பாடம். ஓலைப்பாயை இறுக்கச் சுருட்டி, பழைய சேலையைச் சுற்றினால் நல்ல உருளை. நெஞ்சுக்கு அடியில் வைத்து, கை முன்னால் வருகிறமாதிரிப் படுக்க வையுங்கள். எதிரே நீங்கள் தரையோடு தரையாகப் படுத்து முகத்தைக் காட்டுங்கள். பொம்மையைவிட அம்மா முகத்துக்குத்தான் தலை நிமிரும். விழித்திருக்கும்போது மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

உட்காருகிற பிள்ளையை எழுப்ப, படிப்புரைத் திட்டில், அதாவது திண்ணையில், விளையாட்டுச் சாமானை வைத்துவிட்டு, கீழே குரண்டியில் உட்கார வையுங்கள். எடுக்க எழும்புவான், திரும்ப உட்காருவான். இந்த எழும்பி உட்காருவதில்தான் தொடைக்குப் பலம். சக்கரம் வைத்த வட்ட வாக்கரை வாங்காதீர்கள், யாராவது தந்தாலும் வைத்துக்கொள்ளாதீர்கள். நுனிக்காலில் தள்ளிப் பழகும், படியிலிருந்து உருண்டு விழும். பழைய மரத்து மூன்று சக்கர நடைவண்டி வேறு சங்கதி. பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு, மண் முற்றத்தில் அது நல்லது.

காலை நீட்டி மடக்குகிற பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தபின் செய்யுங்கள். வலிக்க வலிக்கச் செய்தால் விறைப்பு கூடும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளையின் கழுத்தை வளைக்கிற எதுவும், குட்டிக்கரணம் உட்பட, டாக்டர் கேட்காமல் வேண்டாம்.

எண்ணெய் தேய்ப்பது பற்றிக் கேட்பார்கள். உருக்கு வெளிச்செண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய்) தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லதுதான், பிள்ளைக்குச் சுகம், தொடுகை பழகும், "கை எங்க, மூக்கு எங்க" என்று சொல்லிக்கொண்டே செய்யலாம். எண்ணெயால் கால் நடக்காது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

பேச்சு

பேசாத பிள்ளையின் வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். பிள்ளை கண்ணைத் திருப்பும் முன்னமே வேண்டியது கைக்கு வந்துவிடும். இல்லையென்றால், "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று நாள் முழுக்கப் பரீட்சை. இரண்டையும் நிறுத்துங்கள்.

பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். ஒரு கையில் மட்டிப்பழம், ஒரு கையில் பிஸ்கட். "பழமா, பிஸ்கட்டா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். வீட்டார் யாரும் மூன்றைத் தாண்டுவதில்லை, அதற்குள் பொறுக்காமல் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை கண்ணால் பார்த்தாலும், கை நீட்டினாலும், "ப" என்றாலும் அது பதில்தான், "பழம்!" என்று சொல்லி உடனே கையில் கொடுங்கள். சொல்லாமல் தரமாட்டேன் என்று அழ வைப்பது பயிற்சி ஆகாது. ஒரு சொல் வருகிற பிள்ளைக்கு ஒரு சொல் மட்டும் கூட்டிச் சொல்லுங்கள்: "பஸ்" என்றால் "ஆமா, பஸ் போகுது". ஒரு பத்தியே பேசிக்காட்ட வேண்டாம்.

கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்று தினமும் பாடுங்கள். பழகியதும் நடுவில் நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். மீதியைக் கேட்டுக் கையை ஆட்டும், உங்கள் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லும். அதுவும் பேச்சுதான். சைகை பழக்கினால் பேச்சு வராது என்று பயப்பட வேண்டாம், சைகை பேச்சுக்குத் துணைதான்.

வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதால்தான் பேச்சு பிந்துகிறது என்று விளவங்கோடு பக்கம் பல பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு பாஷை கேட்டு வளர்வது பேச்சைப் பிந்த வைக்காது. பாட்டிக்கு வருவது மலையாளம் என்றால் பாட்டி அதிலேயே கொஞ்சட்டும். நாக்கில் வசம்பு உரசுவது வேண்டாம், அதில் நச்சுப் பொருள் இருக்கிறது. "நாக்குக்கு அடியில ஒட்டு" என்று வெட்டக் கூட்டிப்போவதற்கு முன் காதைச் சோதியுங்கள்.

போன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குமேல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஊட்டும்போது போனைக் காட்டுவதுதான் நம் வீடுகளில் பெரிய வினை. வாயில் என்ன போகிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை நான் தடுப்பதில்லை. ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லிவைப்பேன்: "மோனே, அப்பா சொல்லு" என்று கேட்காதீங்க; ஒரு துண்டால் முகத்தை மூடி, திறந்து, ஒளிஞ்சு விளையாடுங்க. கடல் தாண்டி இருந்தும் பயிற்சி கொடுக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள்.

விளையாட்டுச் சாமான் கடையில் வாங்க வேண்டாம். இரண்டு சிரட்டையும் ஒரு மரக் கரண்டியும் போதும்: தட்ட, கவிழ்க்க, அடியில் ஒளித்துத் தேட, தண்ணீர் கோரி ஊற்ற. மஞ்சாடி முத்தும் புளியங்கொட்டையும் மட்டும் கண்ணிலேயே படக் கூடாது. எல்லாம் வாய்க்கும் மூக்குக்கும்தான் போகும்.

பணம் பிடுங்குகிறவர்கள்

வலியோடு இருக்கிற வீட்டைத் தேடி வருகிறவர்கள் உண்டு. மூளை டானிக், விலை உயர்ந்த பெல்ட், ஸ்டெம் செல் ஊசி. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் சொல்லிவிட்டது. அதன் பிறகும் ரப்பர் தோட்டத்தை ஈடு வைத்து ஊசி போட்டுவந்த வீடு எனக்குத் தெரியும். "இத்தனை மாதத்தில் நடக்க வைப்பேன்" என்று தேதி சொல்கிறவர் யாராக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் பாதி இருந்தால் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும். வீட்டில் அம்மா மட்டுமே எல்லாப் பயிற்சியையும் செய்கிறாள் என்றால் அது நெடுநாள் ஓடாது. காலைக் கஞ்சி பாட்டி, குளியல் அம்மா, சாயங்காலம் முற்றத்தில் நிற்க வைப்பது பாட்டா என்று பிரித்துவிடுங்கள். மூத்த பிள்ளையை வாத்தியார் ஆக்காதீர்கள். சேர்ந்து விளையாடினாலே போதும். காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், வலிப்பு வந்த நாள், இதிலெல்லாம் பயிற்சி இல்லை.

நோட்டும் சான்றும்

ஒரு நோட்டில் தேதி, காரியம், எத்தனை தடவை தானாகச் செய்தான், இவ்வளவு போதும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே காரியத்தைச் செய்யும்போது ஒரு நிமிட வீடியோ. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, மூன்று மாத வீடியோவைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். டாக்டர் அறைக்குள் பிள்ளை அழும், ஒன்றும் செய்யாது. அங்கேயும் இந்த வீடியோதான் பேசும்.

சான்று வாங்குவதற்குக் கூச்சப்படாதீர்கள். "சர்டிபிகேட் எடுத்தா பேர் விழுந்துரும்" என்று தள்ளிப்போடுவதால் பிள்ளைக்கு வர வேண்டியது வராமல் போகிறது. ஐந்து வயதுக்குள் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், பிறகு மறுபடி பார்ப்பார்கள். 2016-ம் வருடச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். தகுதி இருந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய்; நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நிரமயா என்கிற காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவைத் தாங்கும், தெரபிச் செலவும் அதில் உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், பிள்ளையின் பெயரை அங்கேயும் பதிந்துவையுங்கள்.

இரண்டு வயது தாண்டினால் அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்குங்கள். நடக்கட்டும், பேசட்டும், பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் பாதி வரும். முதல் வாரம் அரை மணி நேரம், கூட யாராவது இருக்கட்டும். டீச்சரிடம் நோயின் பெயரைச் சொல்வதைவிட மூன்று சங்கதியைத் தாளில் எழுதிக் கொடுப்பது உதவும்: எப்படி உட்கார வைப்பது, வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான், எது கொடுத்தால் தொண்டையில் சிக்கும். துணி சுற்றிய கரண்டியையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.